கிளச்சைக் காப்போம், வண்டியைக் காப்போம்

போன அறுவடைக் காலத்தில் யட்டவத்தவில் ஓர் ஏற்றத்தின் நடுவே பழைய லொறி ஒன்று நிற்பதைக் கண்டோம். பின்னால் மிளகு மூட்டைகள். சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்திருந்தார்கள். கருகிய மணம் பத்தடிக்கு அப்பால் வரை வீசியது.

லொறிக்காரர் வன்னியில் பல வருடம் உழவு இயந்திரம் ஓட்டியவர். அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து வவுனியாப் பக்கம் போனவர்கள். 2009க்குப் பிறகு அவர் தமது பிள்ளைகளோடு மறுபடியும் மாத்தளைக்கு வந்தார். கையில் மிஞ்சிய பணத்தில் வாங்கிய அந்த லொறிதான் குடும்பத்தின் முதல்.

"எஞ்சின் நல்லாக் கத்துது ஐயா, ஆனா வண்டி ஏறுதில்லை" என்றார்.

"பெடலில் ஏதும் வித்தியாசம் தெரிந்ததா?" என்று கேட்டோம்.

"ஒரு மாசமா மேலேயே பிடிச்சுது. கொஞ்சம் மிதிச்சாலே வேலை செய்யுது, அது நல்லதெண்டு நினைச்சன்."

கிளச் ஒரு மாதமாகத் தன் நோயைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மொழி தெரியாததால் அறுவடை நேரத்து வாடகை முழுவதும் போய்விட்டது. ஆகவே இந்தப் பாடத்தில் கிளச் எப்படி வேலை செய்கிறது, பெடல் எந்தெந்தப் பழுதை எப்படித் தெரிவிக்கிறது என்பதைப் படிப்போம். கார், வான், லொறி, உழவு இயந்திரம் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே.

கிளச் எதற்கு?

எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கினால் சும்மா நிற்கும்போதும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 முதல் 900 தடவை சுற்றும். அதைவிட மிகவும் குறைந்தால் அணைந்துவிடும். சில்லோ நின்ற இடத்தில் நிற்கிறது. வேகமாகச் சுற்றும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் திடீரென்று பூட்டினால் என்ன நடக்கும்? எஞ்சின் அணையும், அல்லது வண்டி பாய்ந்து ஏதாவது உடையும்.

எனவே இரண்டையும் மெதுவாகச் சேர்த்துவைக்கவும், வேண்டும்போது பிரித்துவைக்கவும் இடையில் ஒருவர் தேவை. அந்த வேலையைச் செய்வதே கிளச். வண்டியை எடுக்கும்போதும், கியர் மாற்றும்போதும், நிறுத்தும்போதும் அதன் உதவி வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு ரொட்டியை வைத்துக்கொள்ளுங்கள். கைகளை இறுக்கித் திருப்பினால் ரொட்டியும் சேர்ந்து திரும்பும். பிடியைத் தளர்த்தினால் கைகள் திரும்பும், ரொட்டி திரும்பாது. கிளச் இவ்வளவுதான்.

ஒரு கை, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சில்லு. இதைப் பிளைவீல் என்கிறோம். மற்றக் கை பிரஷர் பிளேட். இதுவும் பிளைவீலோடு பூட்டப்பட்டு அதனுடனேயே சுற்றும். நடுவிலுள்ள ரொட்டிதான் கிளச் பிளேட். அதன் இரு முகத்திலும் உராய்வதற்கென்று லைனிங் பதித்திருக்கும். கிளச் பிளேட் கியர்ப் பெட்டிக்குள் போகும் தண்டின் மேல் இருக்கிறது. அது சுற்றினால்தான் கியர்ப் பெட்டிக்கும் சில்லுக்கும் சக்தி போகும்.

பிரஷர் பிளேட்டில் பலமான சுருள் அல்லது தட்டு ஸ்பிரிங் உண்டு. நாம் காலை எடுத்திருக்கும்போது ஸ்பிரிங் பிளேட்டை நெருக்கிப் பிடிக்கிறது. பெடலை மிதிக்கும்போது ஒரு பேரிங் முன்னே போய் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்துகிறது. அப்போது பிடி தளர்ந்து பிளேட் விடுபடுகிறது. ஆக, பெடலை மிதிப்பது பிரிப்பதற்கு, விடுவது சேர்ப்பதற்கு. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெடலைப் பாதியில் வைத்திருக்கும்போது கைகள் ரொட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கின்றன. வண்டியை எடுக்க இந்த உராய்வு ஓரிரு விநாடிக்குத் தேவை. அதற்கு மேல் நீடித்தால் சூடேறி லைனிங் கருகும். ஏற்றத்தில் நாம் மணந்தது அந்தக் கருகலைத்தான்.

இந்த லைனிங்குக்கும் மலைப் பாதைக்கும் பழைய உறவு உண்டு. 1897ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப் பகுதியில் ஹேர்பட் புரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய சப்பாத்தைச் சில்லில் அழுத்தி வண்டியை மெதுவாக்குவதைக் கவனித்தார். அதிலிருந்து உராய்வுப் பொருள் செய்யத் தொடங்கினார். பின்னர் உலகமெங்கும் பிரேக், கிளச் லைனிங்குக்குப் பேர்போன பெரோடோ நிறுவனம் அப்படித்தான் உருவானது.

பெடலிலிருந்து பிளேட் வரை

நம் காலின் அழுத்தம் இரண்டு வழிகளில் கிளச்சுக்குப் போகிறது.

முதலாவது, கம்பி அல்லது கேபிள் வழி. 1948இல் அறிமுகமான மொரிஸ் மைனர் காரிலும், நம் ஊர்களில் ஓடும் பழைய மசி பேர்குசன் உழவு இயந்திரங்களிலும் இரும்புக் கம்பிப் பூட்டுகள் உண்டு. இரண்டாவது, ஒயில் வழி. பெடலருகே மேல் சிலிண்டரும் கிளச் அருகே கீழ் சிலிண்டரும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் குழாய் நிறையப் பிரேக் ஒயில். இன்றைய லொறிகளிலும் வான்களிலும் பெரும்பாலும் இந்த முறைதான்.

பெடலை விரலால் மெதுவாக அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் பாரமில்லாமல் போகும். இதை வெறும் ஓட்டம் என்போம். பல வண்டிகளில் இது அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை இருக்கும். சரியான அளவை வண்டியின் கைநூலில் பாருங்கள். வெறும் ஓட்டம் இருந்தால்தான் நாம் காலை எடுத்ததும் பேரிங் ஸ்பிரிங்கைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும்.

கம்பி, கேபிள் வண்டிகளில் லைனிங் தேயத் தேய வெறும் ஓட்டம் குறையும். ஒயில் வண்டிகள் பலவற்றில் வெறும் ஓட்டம் மாறாது. ஆனால் கிளச் பிடிக்கும் இடம் மேலே மேலே வரும். "மேலேயே பிடிக்குது" என்றால் அது நல்ல குணமன்று. லைனிங் முடிகிறது என்ற எச்சரிக்கை.

பெடல் சொல்லும் பழுதுகள்

1. எஞ்சின் வேகம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை. கிளச் வழுக்குகிறது. பாரத்தோடு ஏற்றத்தில்தான் முதலில் தெரியும். வெறும் ஓட்டம் இல்லாமற் போனது, லைனிங் தேய்ந்தது, அல்லது எஞ்சின் ஒயில் கசிந்து லைனிங்கில் பட்டது காரணமாகலாம். முதலில் வெறும் ஓட்டத்தைச் சரிசெய்து பாருங்கள். சில வேளை அதுவே போதும்.

2. கியர் போடும்போது கரகரவென்று சத்தம், முக்கியமாகப் பின் கியரில். கிளச் முழுதாகப் பிரியவில்லை. வெறும் ஓட்டம் மிதமிஞ்சியிருக்கலாம், கேபிள் நீண்டிருக்கலாம், ஒயில் குழாயில் காற்று இருக்கலாம். இப்படியே ஓட்டினால் கியர்ப் பற்கள் தேயும். அது கிளச்சைவிடப் பெருஞ்செலவு.

3. பெடல் மெத்தென்று இருக்கிறது, இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்தால் சரியாகிறது. ஒயிலில் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது மேல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அடித்து மிதித்து ஓட்டிப் பழகிவிடாதீர்கள். ஒருநாள் அடித்தாலும் வராது.

4. பெடல் தரையோடு போய் அங்கேயே கிடக்கிறது. கேபிள் அறுந்திருக்கும், ஒயில் ஒழுகியிருக்கும், அல்லது திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் கழன்றிருக்கும். மலைப்பாதையில் இப்படி ஆனால் தொடர்ந்து ஓட்டாதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்திக் கை பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்து, கியரில் விட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள்.

5. பெடல் வரவரப் பாரமாகிறது. கேபிள் காய்ந்திருக்கலாம், பூட்டுகளில் துரு ஏறியிருக்கலாம், உள்ளே ஸ்பிரிங் விரல்கள் தேய்ந்திருக்கலாம். பூட்டுகளுக்குக் கிரீஸ் போட்டும் மாறவில்லை என்றால் உள்ளே பார்க்க வேண்டும்.

6. வண்டி எடுக்கும்போது உதறுகிறது. லைனிங்கில் ஒயில், சூட்டால் நெளிந்த பிரஷர் பிளேட், அல்லது எஞ்சின் தாங்கும் ரப்பர்கள் தளர்ந்திருத்தல். ரப்பரை முதலில் பாருங்கள், அது இலகுவானது.

7. பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்ற சத்தம். கிளச் பேரிங் பழுது. இதற்கு மாறாக, காலை எடுத்திருக்கும்போது சத்தம் இருந்து மிதித்ததும் நின்றால், பெரும்பாலும் கியர்ப் பெட்டியின் முன் பேரிங்கைச் சந்தேகியுங்கள். இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தால் கராஜில் வீணாகக் கழற்ற வேண்டிவராது.

வீட்டில் செய்யக்கூடியவை

மாதம் ஒருமுறை ஓர் அடிமட்டத்தைப் பெடலருகே பிடித்து வெறும் ஓட்டத்தை அளந்து கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். மூன்று மாதத்து எண்களைப் பார்த்தாலே தேய்மானம் தெரியும். கம்பி அல்லது கேபிளின் முனையில் இரண்டு நட்டுகள் இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி மற்றதைத் திருப்பி அளவைச் சரிசெய்து மறுபடி பூட்டுங்கள்.

ஒயில் வண்டியானால் ஒயில் போத்தலின் மட்டத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். மூடியில் எழுதியுள்ள வகையைத்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஒயில் ஊற்ற வேண்டிய இடத்தில் எஞ்சின் ஒயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே போத்தல்தான் என்பதால் மட்டம் இறங்கினால் ஒழுக்கைத் தேடுங்கள். ஊற்றி ஊற்றி ஓட்டாதீர்கள். திறந்து பலகாலமான டின்னிலுள்ள பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், அது வேண்டாம்.

காற்று எடுக்க இருவர் வேண்டும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் கீழ் சிலிண்டரின் முலையை அரைச் சுற்றுத் திறந்து, குமிழியோடு ஒயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். குமிழி வராத வரை திரும்பச் செய்யுங்கள். இடையில் போத்தல் வற்றினால் மறுபடியும் காற்றுப் புகும்.

சமதரைப் பழக்கமும் மலைப் பாதையும்

கிளிநொச்சி வயல்கள் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருப்பவை. அங்கிருந்து ஏ-9 வீதியில் தெற்கே வந்தால் தம்புள்ளைக்குப் பிறகு தரை உயரத் தொடங்குகிறது. மாத்தளை நகரம் ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டிக்குப் போவதானால் பலகடுவ ஏற்றம் வேறு. யட்டவத்தவின் தோட்டத்துக் குறுக்கு வீதிகளில் ஏற்றமும் வளைவும் ஓய்வதில்லை. சமதரையில் பத்து வருடம் தாங்கிய கிளச் இங்கே அத்தனை காலம் தாங்காது. பழக்கத்தை மாற்றினால் மட்டுமே தாங்கும்.

ஏற்றத்தில் நிற்கும்போது கிளச்சைப் பாதி விட்டு வண்டியைத் தாங்கிப் பிடிப்பது பலருடைய வழக்கம். ஒரு நிமிடம் அப்படி நின்றால் பல நாள் ஓட்டத்தின் தேய்மானம் வரும். கை பிரேக்கை இழுத்துக் கியரை நியூட்ரலில் வையுங்கள். புறப்படும்போது முதலாம் கியரைப் போட்டு, எஞ்சின் சத்தம் சற்றுத் தாழும் வரை பெடலை விட்டு, பிறகு கை பிரேக்கை இறக்குங்கள்.

ஓடும்போது காலைப் பெடல்மேல் இளைப்பாற வைக்காதீர்கள். கால் பாரத்திலேயே பேரிங் சுழன்று தேயும். மொரிஸ் மைனரில் உருளும் பேரிங்குக்குப் பதிலாகக் கரிக்கட்டை வளையந்தான் இருந்தது. 1990களில் பெற்றோல் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களை நம் மக்கள் மறக்கமாட்டார்கள். உதிரிப்பாகம் வராத அந்தக் காலத்தில், காலை எடுத்து வைப்பதே ஒரு சேமிப்பாக இருந்தது.

இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நினைத்துக் கிளச்சை மிதித்துக்கொண்டோ நியூட்ரலிலோ இறங்குவது உயிருக்கே ஆபத்து. கியரில் இருக்கும்போது எஞ்சின் வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்கிறது. பிரித்துவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின்மேல். பிரேக் சூடேறிப் பிடி இழக்கும். உழவு இயந்திரத்தில் பாரப் பெட்டி பூட்டியிருந்தால், கிளச் மிதித்ததும் பெட்டி முன்னே தள்ளி இயந்திரத்தைப் புரட்டிவிடும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். கியரை இறக்கத்துக்கு முன்பே மாற்றுங்கள். இரண்டு பிரேக் பெடல்களையும் வீதியில் சேர்த்துப் பூட்டி வையுங்கள்.

லாண்ட் மாஸ்டர் ஓட்டுவோர் கவனத்துக்கு

கை உழவு இயந்திரத்துக்குப் பெடல் இல்லை. ஆனால் இரு கைப்பிடியிலும் திருப்புவதற்கான கிளச் பிடிகள் உண்டு. சமதரையில் இடது பிடியை அழுத்தினால் இடது சில்லுக்குச் சக்தி நிற்கும், வலது சில்லு தள்ளும், இயந்திரம் இடது பக்கம் திரும்பும்.

செங்குத்தான இறக்கத்தில் இது தலைகீழாகும். அங்கே எஞ்சின் சில்லுகளைத் தள்ளவில்லை, தடுத்துப் பிடிக்கிறது. இடது பிடியை அழுத்தினால் இடது சில்லு விடுபட்டு வேகமாக உருளும், இயந்திரம் வலது பக்கம் திரும்பும். வன்னியில் பழகிய கை இங்கே பள்ளத்துக்கே கொண்டுபோய்விடும். ஆகவே இறக்கத்தில் தாழ்ந்த கியரில் மெதுவாக வந்து, திருப்பும் பிடிகளைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளித் திருப்புங்கள். இதை வீட்டில் உள்ள இளைஞருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் நிற்கும் இயந்திரம்

இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த உழவு இயந்திரத்துக்குத் திரும்பிப் போன பலர், எஞ்சின் ஓடியும் கியர் விழாமல் திகைத்திருக்கிறார்கள். மழை ஈரத்தில் கிளச் பிளேட் பிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதே காரணம். நெடுங்காலம் நிறுத்துவதானால் பெடலை முழுதாக மிதித்து ஒரு மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து வையுங்கள். மழைபடாமல் மூடுங்கள். ஒட்டிய பிளேட்டைப் பிரிக்கும்போது இயந்திரம் திடீரெனப் பாயக்கூடும். அனுபவமுள்ள ஒருவரைக்கொண்டு வெட்டவெளியில் மட்டும் செய்யுங்கள்.

வாங்குமுன்னும் கராஜிலும்

இழப்பீடோ சேமிப்போ கொண்டு பழைய வண்டி வாங்குவோர் இந்தப் பரிசோதனையைச் செய்யலாம். சமதரையில், முன்னால் ஒருவரும் நிற்காதபடி, கை பிரேக்கை இறுக்கி மூன்றாம் கியர் போட்டு, சற்று எஞ்சின் வேகத்தோடு பெடலை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் கிளச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் வழுக்குகிறது. ஒருமுறை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளச்சும் கெடும்.

கிளச்சைத் திறக்கக் கியர்ப் பெட்டியை இறக்க வேண்டும். மசி பேர்குசன் போன்ற உழவு இயந்திரத்தையோ நடுவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூலியே பெரிது. எனவே திறந்த நேரத்தில் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் பாருங்கள். தேய்ந்த பேரிங்கை மிச்சம் பிடித்தால் அடுத்த போகத்தில் மறுபடி பிரிக்க நேரும். பிளைவீலில் வெடிப்பு உண்டா, எஞ்சினின் பின் சீலில் ஒயில் கசிகிறதா என்றும் கேளுங்கள். கசிவை நிறுத்தாமல் புதுப் பிளேட் போடுவது காசைக் கரியாக்குவது. பெரும்போக உழவு தொடங்குமுன் ஆவணியிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் உண்டு. அந்தத் தூள் சுவாசப்பையைக் கெடுத்துப் புற்றுநோயும் உண்டாக்கக்கூடியது. கிளச்சைத் திறந்ததும் வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அந்த லொறி இப்போது மறுபடியும் ஓடுகிறது. பெடலுக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டமும் சிறு கொப்பியும் தொங்குகின்றன. மாதம் ஒருமுறை அளந்து எழுதுவது அவருடைய பத்தாம் வகுப்பு மகளின் பொறுப்பு.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் ஊரில் கிளச் பழுதால் யாருடைய போகமாவது தவறியதுண்டா? பெடல் முன்கூட்டி என்ன சொன்னது?

2. ஏற்றத்தில் நிற்கும்போது நீங்கள் எதனால் வண்டியைப் பிடிக்கிறீர்கள், கிளச்சாலா, கை பிரேக்காலா?

3. உங்கள் ஊரிலுள்ள வண்டிகள் எல்லாவற்றின் வெறும் ஓட்டத்தையும் ஒரே நாளில் அளந்து எழுதிவைக்க முடியுமா? எப்போது செய்யலாம்?